குடியை விட்ட பிறகும் ஏன் சண்டை? ‘ஸ்மாஷ்ட்’ படமும் நம் வீடுகளும்

கேள்வி: ‘ஸ்மாஷ்ட்’ படம் பார்த்தேன். மனைவி குடியை விடுகிறாள், எல்லாம் சரியாக வேண்டிய நேரத்தில் திருமணம் உடைகிறது. இது படத்துக்காகச் செய்ததா, நிஜத்திலும் இப்படியா? வில்லிவாக்கத்தில் இருக்கும் என் அக்காவின் கணவர் எட்டு மாதமாகக் குடிப்பதில்லை. ஆனால் வீட்டில் முன்பைவிட இப்போதுதான் சண்டை அதிகம். அம்மாவோ, “அவர்தான் திருந்திட்டாரே, இவளுக்கு இன்னும் என்ன வேணுமாம்” என்கிறார்.

பதில்:

நிஜத்திலும் நடக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பங்களோடு வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், குடித்துக்கொண்டிருந்த வருடங்களில் எப்படியோ தாக்குப்பிடித்த தம்பதி, குடியை விட்ட முதல் வருடத்தில் வந்து உட்கார்ந்து “இனிமே முடியாது” என்று சொல்வது ஒன்றும் அபூர்வம் கிடையாது. அப்படிச் சொல்வது பெரும்பாலும் குடித்தவரின் துணைதான், அதனால் சுற்றியிருப்பவர்களுக்கு அது புரிவதே இல்லை. உங்கள் அம்மாவின் கேள்வி நூறு அம்மாக்கள் கேட்கிற கேள்வி.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக (முடிவையும் சொல்லப் போகிறேன்): 2012இல் ஜேம்ஸ் பொன்சோல்ட் இயக்கிய சுயாதீனப் படம் இது. அவரோடு சேர்ந்து எழுதியவர் சூசன் பர்க், இளம் வயதிலேயே குடியை விட்டவர். படத்தின் சின்னச் சின்ன விவரங்கள் அவ்வளவு சரியாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கதாநாயகி கேட், லாஸ் ஏஞ்சலஸில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர், மேரி எலிசபெத் வின்ஸ்டெட் நடித்திருக்கிறார். கணவன் சார்லி இசை பற்றி எழுதுகிறவன், நடித்தவர் ஆரன் பால், ‘பிரேக்கிங் பேட்’ பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். இருவரும் சேர்ந்து குடிக்கிறார்கள், சேர்ந்து சிரிக்கிறார்கள். முந்தின நாள் போதையோடு வகுப்புக்குப் போன கேட் பிள்ளைகள் முன்னாலேயே வாந்தி எடுக்கிறாள். ஒரு குழந்தை “டீச்சர், நீங்க கர்ப்பமா?” என்று கேட்க, ஆமாம் என்று சொல்லிவிடுகிறாள். அந்தப் பொய் பள்ளி முழுக்கப் பரவி, சக ஆசிரியர்கள் அவளுக்கு விழா எடுக்கும் அளவுக்குப் போகிறது. தானும் குடியை விட்டவரான துணைத் தலைமையாசிரியர் அவளை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு, அதாவது குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இடத்துக்கு, அழைத்துப் போகிறார். அங்கே ஆக்டேவியா ஸ்பென்சர் நடித்த ஜென்னி அவளுக்கு ஸ்பான்சர் ஆகிறாள், அதாவது முன்பே குடியை விட்டு, புதிதாக வருபவருக்கு வழிகாட்டியாக நிற்பவள். கேட் நிறுத்துகிறாள், நடுவில் ஒருமுறை சறுக்குகிறாள், மறுபடி எழுகிறாள். சார்லி நிறுத்துவதில்லை. கடைசியில் அவள் தனியாக வாழ்கிறாள், குடிக்காமல் ஒரு வருடம் ஆகிவிட்டது. அவன் அப்போதுதான் முயற்சி செய்யத் தொடங்கியிருக்கிறான், திரும்பி வரச் சொல்லிக் கேட்கிறான். படம் அதற்கு எளிதான பதிலைச் சொல்லாமல் முடிந்துவிடுகிறது.

இதில் சார்லி கெட்டவன் இல்லை, படம் என்னை அசைத்தது அங்கேதான். அவன் அவளை அடிப்பதில்லை, கூட்டத்துக்குப் போகாதே என்று தடுப்பதில்லை, அவளை நேசிக்கிறான். ஆனால் அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பு, சண்டை, உடலுறவு, நண்பர்கள், சனி ஞாயிறு எல்லாவற்றிலும் குடி இருந்தது. அதை எடுத்த பிறகு அவர்களிடம் பேசுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. அவள் மாறிவிட்டாள் என்பது அவனுக்குத் துரோகம் மாதிரித் தெரிகிறது, அவன் மாறவில்லை என்பது அவளுக்கு ஆபத்தாகத் தெரிகிறது. இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அதனால்தான் பார்க்க அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு இடம் உண்டு. கேட் தன் அம்மாவைப் பார்க்கப் போகிறாள். அம்மாவுக்கு இந்தக் கூட்டங்கள் என்றாலே பிடிக்காது. ஏன்? கேட்டின் அப்பா அப்படித்தான் குடியை விட்டார், விட்டதும் இவர்களையும் விட்டுவிட்டு வேறு ஊரில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். அந்த அம்மாவைப் பொறுத்தவரை குடி கணவனைப் பறிக்கவில்லை, குடியை விட்டதுதான் பறித்தது. சின்னக் காட்சி, ஆனால் படம் எதைப் பற்றியது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

இது புதுக் கதையும் இல்லை. 1962இல் பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’ படத்திலும் தம்பதி சேர்ந்துதான் குடிக்கிறார்கள். கணவன் ஜாக் லெமன் வெளியே வந்துவிடுகிறார், மனைவி லீ ரெமிக்கால் முடியவில்லை. முடிவில் அவள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறாள். குடிக்காமல் இருந்தால் வா என்கிறார். அவள் போய்விடுகிறாள், அவர் குழந்தையோடு நிற்கிறார். ஐம்பது வருட இடைவெளியில் வந்த இரண்டு படங்களும் ஒரே இடத்தில் வந்து நிற்பதில் ஆச்சரியமில்லை, வாழ்க்கையும் அங்கேதான் வந்து நிற்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே கணவன் மனைவி சேர்ந்து குடிக்கும் வீடுகள் குறைவு. 2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகமும் எய்ம்ஸும் வெளியிட்ட தேசிய ஆய்வுப்படி நாட்டில் குடிக்கும் ஆண்கள் 17 பேர் என்றால் குடிக்கும் பெண் ஒருவர். ஆகவே நம் வீடுகளில் பெரும்பாலும் அவர் குடிக்கிறார், அவள் சமாளிக்கிறாள். 2025 ஜனவரியில் வந்த தினகரன் சிவலிங்கத்தின் ‘பாட்டல் ராதா’வில் குரு சோமசுந்தரமும் சஞ்சனா நடராஜனும் நடித்த தம்பதி இப்படிப்பட்டவர்கள்தான், கட்டட வேலைக்குப் போய்க் குடித்து அழியும் கணவன், அவனை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் மனைவி. “அப்படியென்றால் நம் ஊர் மனைவிக்கும் அந்தக் கேட்டுக்கும் என்ன சம்பந்தம், இவள் சொட்டுக்கூடக் குடித்ததில்லையே” என்று கேட்கலாம். குடித்ததில்லை, ஆனால் அவளுடைய நாளும் அந்தக் குடியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். சம்பளத் தேதி வந்தால் ஏடிஎம் கார்டு யார் கையில் என்பதுதான் அன்றைய முக்கியமான விஷயம். திங்கட்கிழமை காலையில் அவர் எழ முடியாமல் கிடக்கும்போது ஆபீசுக்குப் போன் போட்டு “அவருக்குக் காய்ச்சல் சார்” என்று சொல்வது அவள். நகை அடகுக்குப் போனதும் தெரியும், மீட்டதும் தெரியும், மறுபடி போனதும் தெரியும். அவருக்குத் தெரியாமல் ஒரு சீட்டு போட்டு வைத்திருப்பாள், பிள்ளையின் பீஸ் அதிலிருந்துதான் போகும். டாஸ்மாக் ராத்திரி பத்து மணிக்கு மூடுகிறது என்றால் அவளுக்கு ஒன்பதரையிலிருந்தே வயிற்றைப் பிசையும். தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடுவாள். பிள்ளைகளைத் தூங்கவைத்திருப்பாள், தூங்காத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரை அழைத்துப் போகலாம், யார் வீட்டுக்குத் தனியாகப் போய் மொய் எழுதிவிட்டு வந்துவிட வேண்டும் என்று ஒரு பட்டியல் மனதில் இருக்கும். இப்படிப் பத்துப் பதினைந்து வருடம் ஓடினால் அவள் வேறு ஆளாகிவிடுவாள். வீட்டின் தலைவர் அவள்தான். அவர் அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை, அதுவும் அடங்காத பிள்ளை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோன் ஜாக்சன் இதை 1954லேயே எழுதிவைத்திருக்கிறார். குடிநோயாளிகளின் மனைவிகளோடு பேசி, குடும்பம் எப்படிப் படிப்படியாக மாறுகிறது என்று ஏழு கட்டங்களாகச் சொன்னார். முதலில் பிரச்சினையே இல்லை என்பார்கள், அப்புறம் குடியை நிறுத்தப் போராடுவார்கள், அப்புறம் குடும்பம் குலையும், பிறகு அவரை ஓரமாக வைத்துவிட்டு வீட்டை நடத்தக் கற்றுக்கொள்வார்கள், சிலர் பிரிவார்கள், பிரிந்தவர்கள் அவர் இல்லாமலேயே வாழ்க்கையை அமைத்துக்கொள்வார்கள். ஏழாவது கட்டம்தான் உங்கள் அக்காவுடையது: அவர் குடியை விட்டுவிட்டார், இப்போது மொத்தக் குடும்பமும் மறுபடி அடுக்கப்பட வேண்டும். கட்டிலின் ஒரு கால் உடைந்தால் செங்கல்லை முட்டுக்கொடுத்துப் படுத்துக்கொள்கிறோம் இல்லையா, திடீரென்று ஒருநாள் சரியான கால் வந்து பொருத்தப்பட்டால் அந்தச் செங்கல் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும். இத்தனை வருடம் பாரம் தாங்கிய செங்கல் அது.

இனி அவர் பக்கம். குடியை விட்டவருக்கு இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு தேறுகிறது, முகம் தெளிகிறது, சம்பளம் முழுசாக வீட்டுக்கு வருகிறது, எல்லோரும் பாராட்டுகிறார்கள். அவருக்கு நியாயமாகவே ஒரு எதிர்பார்ப்பு வருகிறது: என் இடம் எனக்கு வேண்டும். கார்டைக் கொடு என்கிறார். பையன் ஏன் மார்க் குறைவு என்று கேட்கிறார். பதினாலு வயதுப் பையன் நிமிர்ந்து பார்த்து “நீ யாரு கேக்க” என்கிறான். இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ அப்பாக்களின் வாயால் கேட்டிருக்கிறேன், ஒவ்வொருவரும் அதைச் சொல்லும்போது உடைந்துபோவார்கள். பையன் இதுவரை ரிப்போர்ட் கார்டில் அம்மாவிடம்தான் கையெழுத்து வாங்கினான், அப்பா கேள்வி கேட்கலாம் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. அவர் மனைவியைப் பார்க்கிறார், பையனைக் கண்டிப்பாள் என்று. அவள் பேசாமல் நிற்கிறாள். அன்றைக்குச் சண்டை வெடிக்கிறது. “நான்தான் எட்டு மாசமா குடிக்கலையே, இன்னும் என்ன?”

அந்த எட்டு மாதம் அவருக்கு ஒரு யுகம். ஒவ்வொரு நாளும் கடையைத் தாண்டி வந்திருக்கிறார், அது சாதாரண விஷயம் இல்லை. அவளுக்கோ அது பதினாலு வருடத்துக்குப் பிறகு வந்த எட்டு மாதம். அதற்கு முன்னாலும் நிறுத்தியிருக்கிறாரே! சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள், குலதெய்வம் கோயிலில் கயிறு கட்டி ஒரு மாசம், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி ஒன்பது நாள். ஒவ்வொரு தடவையும் நம்பினாள், ஒவ்வொரு தடவையும் விழுந்தாள். இந்தத் தடவை நம்பாமல் இருப்பது அவளுடைய அனுபவம் கொடுத்த புத்தி, அதை அவளுடைய குறையாகச் சொல்லக் கூடாது. அவர் வந்து கதவைத் தட்டும்போது அவள் மூச்சை இழுத்து வாசம் பார்க்கிறாள், பல நேரம் அவளுக்கே தெரியாமல். “வாயை ஊதிக் காட்டட்டுமா?” என்று அவர் கத்துகிறார். கோயம்பேட்டில் டிராபிக்கில் மாட்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவள் உடம்பு பழைய ஒன்பதரை மணிக்குள் போய்விட்டது, அதை அவளால் நிறுத்த முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அவர் தாமதமானால் கூப்பிட்டுச் சொல்வது, சொன்ன நேரத்துக்கு வருவது, இதையே சலிக்காமல் பல மாதம் செய்வதுதான் ஒரே வழி. விளக்கம் கொடுத்து நம்பிக்கையை வாங்க முடியாது.

அப்புறம் கோபம். குடித்துக்கொண்டிருக்கும் ஆளிடம் கோபப்பட்டுப் பயனில்லை, ஆபத்தும்கூட, அதனால் அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள். இப்போது எதிரே தெளிவாக, பேச்சைக் கேட்கிற ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை வருடக் கோபமும் இப்போதுதான் வெளியே வர இடம் கிடைக்கிறது. பிரசவத்துக்கு வராதது, மாமியார் முன்னால் பேசிய பேச்சு, அப்பா சாவு வீட்டில் தள்ளாடியது. அவருக்குப் பாதி நினைவே இருக்காது, குடித்த மூளை பதிவே செய்திருக்காது. அவருக்கு நினைவில்லை என்பது அவளுக்கு இன்னும் கோபம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவர் மனைவி லோயிஸ் பல வருடம் அவருடைய குடியைத் தாங்கியவர். பில் குடியை விட்டுவிட்டார், மற்றவர்களையும் மீட்கிறார், உலகம் கொண்டாடுகிறது. ஒருநாள் சீக்கிரம் கிளம்பு, கூட்டத்துக்கு நேரமாகிறது என்று அவர் அவசரப்படுத்த, லோயிஸ் செருப்பைக் கழற்றி வீசினார், உன் கூட்டமும் நீயும் என்று. குடித்த காலத்தில் வராத கோபம், குடியை விட்ட பிறகு வந்தது. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில் ஒன்று தெரிந்தது: அவரைக் காப்பாற்றுவதுதான் தன் வாழ்க்கை என்று இருந்தவருக்கு, அவரை யாரோ முன்பின் தெரியாத ஆட்கள் காப்பாற்றிவிட்டார்கள், இனி தனக்கு வேலை இல்லை. அந்த லோயிஸ்தான் 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். உங்கள் அம்மாவுக்கு இந்த ஒரு கதையைச் சொல்லுங்கள், மற்றதையெல்லாம் விடுங்கள்.

உங்கள் மாமாவுக்கும் ஒரு வார்த்தை. குடியை விட்ட பிறகு மாதக்கணக்கில் தூக்கம் சரியாக வராது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. மூளை பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் அது, டாக்டரிடம் சொன்னால் உதவி உண்டு. தாம்பத்திய உறவிலும் சிக்கல் வரும், நீண்ட காலக் குடி ஆண்மையைப் பாதிக்கும் என்பதை யாரும் வெளியே பேசுவதில்லை, பேசாததால் அது சந்தேகமாக மாறுகிறது. நீண்ட நாள் குடித்தவர்களில் சிலருக்கு மனைவி மேல் ஆதாரமில்லாத சந்தேகம் நோயாகவே வரும், குடியை விட்ட பின்னும் அது நீடித்தால் மனநல மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று, ஏனென்றால் படம் இதைத் தொடவில்லை. தினமும் நிறையக் குடிக்கிறவர், காலையில் கை நடுக்கத்துக்காகவே ஒரு கட்டிங் போடுகிறவர், டாக்டர் உதவி இல்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்த்து, காய்ச்சலும் நடுக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போட்ட மூன்றாம் நாள் “சாமி வந்திருக்கு” என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்க, அது உண்மையில் இந்த நிலையாக இருந்ததும் உண்டு. அதேபோல், குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று சுவரில் விளம்பரம் ஒட்டியிருக்கும் பொடிகள் வேண்டவே வேண்டாம். குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கப்படும் டைசல்ஃபிராம் மாத்திரையை ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்தால், ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். அது அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து.

மறுபடி படத்துக்கு. கேட் கர்ப்பம் என்று சொன்ன பொய்யைத் தலைமையாசிரியரிடம் ஒப்புக்கொள்கிறாள், வேலை போகிறது, அதன் பிறகுதான் மறுபடி குடிக்கிறாள். பலருக்கு இந்த இடம் கோபத்தைத் தருகிறது, உண்மை சொன்னவளுக்கு இதுதானா கிடைக்கும் என்று. படத்தின் மிக நேர்மையான இடம் அது என்பேன். உண்மை சொன்னால் உலகம் பரிசு கொடுக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் இதில் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. குடியை விட்ட வேகத்தில் சில ஆண்கள் மனைவி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள்: மறைத்த கடன், வேறு பெண்ணோடு இருந்த தொடர்பு, அவள் நகை எங்கே போனது என்று. கொட்டியவருக்கு மனம் லேசாகிவிடுகிறது, கேட்டவள் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறாள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, பாதிக்கப்பட்டவர்களுக்கு நேரடியாக ஈடு செய்யச் சொல்கிறது. ஆனால் அப்படிச் செய்வது அவர்களையோ மற்றவர்களையோ காயப்படுத்தும் என்றால் வேண்டாம் என்றும் அதே வரியிலேயே சொல்கிறது. அந்தப் பின்பாதியைப் பலர் படிப்பதில்லை. கடன் விஷயம் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வசூலுக்கு ஆள் வந்தால் அவள்தான் கதவைத் திறப்பாள். மற்றவற்றை எப்போது, யாரை வைத்துக்கொண்டு சொல்வது என்பதை ஸ்பான்சரிடமோ ஆலோசகரிடமோ பேசிவிட்டுச் செய்வது நல்லது.

துணைத் தலைமையாசிரியர் கேட்டிடம் வரம்பு மீறிப் பேசுகிற காட்சியும் காரணமில்லாமல் இல்லை. உதவி செய்கிறவர் மேல் சாய்ந்து நிற்கும் நேரத்தில் இது நடக்கும் என்பதால்தான் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் ஸ்பான்சராக இருப்பது வழக்கம்.

கேட்டைப் போன்ற ஒரு பெண் சென்னையில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இருக்கிறார்கள். ஐடி வேலையில் இருப்பவர்கள், வீட்டிலேயே இருப்பவர்கள், மீன் விற்பவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். கணவன் குடித்தால் மனைவி சகித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற அதே சொந்தக்காரர்கள், மனைவி குடித்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டி அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். அதனால் அவள் ஒளித்துக் குடிக்கிறாள், தனியாகக் குடிக்கிறாள், சிகிச்சைக்கு வரும்போது உடம்பு ரொம்பவே கெட்டிருக்கும். பெண்களின் உடம்பை மது ஆண்களைவிடச் சீக்கிரம் பாதிக்கும், கல்லீரல் சீக்கிரம் போகும். கேட்டுக்கு ஒரு ஜென்னி கிடைத்தாள். இங்கே அப்படி ஒருத்தி கிடைப்பதற்குள் பாதிப் பேருக்குக் காலம் கடந்துவிடுகிறது. நம் இயக்குநர்களில் யாராவது இந்தக் கதையை எடுக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

சேர்ந்து இருப்பதா பிரிவதா என்பதற்கு வெளியில் இருந்து யாரும் பதில் சொல்லக் கூடாது. கேட் பிரிந்ததால் குடிக்காமல் இருக்க முடிந்தது, அது அவளுக்கு. முதல் வருடத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள் என்று கூட்டங்களில் சொல்வார்கள், நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு விதிவிலக்கு: குடிக்காமல் இருக்கும்போதும் அடிக்கிறார் என்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். அடிப்பது குடியால் வந்தது என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. பெண்கள் உதவி எண் 181, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு.

அடி இல்லை, சண்டைதான் என்றால் செய்ய நிறைய இருக்கிறது. வீட்டுப் பொறுப்பை ஒரே நாளில் கைமாற்றாமல் சின்னதாகத் தொடங்கலாம். இந்த மாதம் கரண்ட் பில், பால் கணக்கு அவருடையது, மூன்று மாதம் ஒழுங்காக நடந்தால் அடுத்து பள்ளி பீஸ். பையனைக் கண்டிக்கும் உரிமை கடைசியில் வரட்டும், முதலில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். அவர் கூட்டத்துக்குப் போகிறார் என்றால் அக்காவும் தனக்காக ஒரு இடத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன, காசு கிடையாது, பேச விருப்பமில்லை என்றால் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளையின் மருத்துவமனை அது, அங்கே குடும்பத்தினருக்கென்றே தனியாக நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள். நோயாளியை மட்டும் சரிசெய்து அனுப்பினால் போதாது என்பது அங்கே தொடக்கத்திலிருந்தே தெரிந்த விஷயம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446க்கு அழைக்கலாம். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, நீங்களோ அக்காவோ பேசலாம்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். “அவர்தான் திருந்திட்டாரே” என்பதை அக்கா முன்னால் மட்டும் சொல்லாமல் இருக்கச் சொல்லுங்கள், அது போதும். அவர் திருந்தியதை அக்காவும் பார்க்கிறாள், அவள் பட்டது முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை அவளுக்குத்தான் உண்டு. முடிந்தால் வாரத்தில் ஒரு சாயங்காலம் அம்மா போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், அக்கா கூட்டத்துக்குப் போய்வர அந்த நேரம் வேண்டும்.